செவ்வாய்க்கிழமை விரல்கள்

"மத்த நாள்ல உங்களுக்குப் பதிலா யாரை அனுப்புறீங்க?"

சால்மலாவின் குரலுக்குக் கணினியிலிருந்து தலை நிமிர்ந்தான் சின்மய். அடேயப்பா, என்ன கண்கள்... கோபத்திலும், மழைக்கு முந்தைய பெங்களூரு வானம் மாதிரி!

"தினமும் நானேதான் மேடம் வரேன்."

"பொய்! செவ்வாய்க்கிழமை டைப் பண்றது ஒரு ஆள், மத்த நாள் வேற ஆள்னு என் புரோகிராம் சொல்லுது."

சால்மலாவுக்கு முனைவர் பட்டப் படிப்பில் இது நான்காம் வருஷம். விரல்கள் தட்டும் விதத்தை வைத்தே, கணினியில் இருப்பது உரியவரா திருடனா என்று கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவுதான் ஆராய்ச்சி. தினமும் ஒரே பத்தியைத் தட்டித் தர நாற்பது பேர். செவ்வாயன்று மட்டும் உதவியாளர் வரமாட்டார். அறையில் இவளே உட்காருவாள். கூடப் படித்தவர்கள் வேலை, கல்யாணம் என்று போய்விட்டார்கள். கேன்டீனில் எல்லோரும் ஒரு காபியை 'பை-டூ' சொல்லி ஆளுக்குப் பாதியாகக் குடிக்க, இவள் மட்டும் முழு டம்ளரோடு மூலையில்... தனிமை அரித்தது. சொல்லத்தான் ஆளில்லை.

"என் லேபை விட்டுட்டு ஓடி வரேன், எனக்குத் திருட்டுப் பட்டமா? என்னை விட்டுடுங்க!" சின்மய் எழுந்தே விட்டான்.

சால்மலா பதறினாள். ஐயோ... ஒருவர் குறைந்தாலும் வெள்ளிக்கிழமை கட்டுரை அனுப்ப முடியாது. ஆனால் மன்னிப்பா, நானா? அவன் கதவைத் தொட்டதும் வீம்பு போன இடம் தெரியவில்லை.

"நில்லுங்க... ஒரே ஒரு தடவை டைப் பண்ணிக் காட்டுங்க."

"சரி. நீங்க வெளிய போங்க."

போனாள். திரும்பியபோது திரையில் பச்சை... மற்ற நாட்களில் வரும் அதே ஆள்.

"இப்ப இங்கயே நில்லுங்க," என்று மறுபடி தட்டினான். விரல்கள் தடுமாறின. காது சிவந்தது. திரையில் சிவப்பு... வேறு ஆள்.

சால்மலா திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியென்றால், செவ்வாய் தோறும்... நான் இருந்ததாலா?

"உங்க புரோகிராம் மேல தப்பில்ல," என்றான் மெல்ல. "நீங்க எதிர்ல இருந்தா நான் வேற ஆளாயிடறேன். எட்டு வாரமா சொல்லத் தைரியம் வரல."

"செவ்வாய்க்கிழமைப் பதிவு எல்லாத்தையும் நீக்கிட்டா நாப்பது பேரும் தேறிடுவாங்க. ஆனா காரணம் என்னன்னு எழுதறது?"

"உள்ளதை எழுதுங்க!"

சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று!

இருவரும் மழையில் ஓடிக் கேன்டீனுக்குள் நுழைந்ததும், வழக்கம்போல் அவளுக்கு முழு டம்ளரை நீட்டினார் சமையல்காரர் பட்.

"இல்ல பட்ரே... இன்னிக்கு பை-டூ."

பாதி டம்ளரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கண்கள் ஏனோ நிறைந்தன.

"சின்மய்... செவ்வாய்க்கு உதவியாளருக்குப் பதிலா வேற ஆளைப் போட்டிருக்கலாம். நான்தான் வேணும்னே போடல."