குளிக்கிறார், அத்தை

குளியலறைத் தரை ஈரமாக இருந்தது.

பவித்ரா வீட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். நேற்றுக் காலை பதினொரு மணிக்கு ஜூரோங் கப்பல் பட்டறையிலிருந்து போன் வந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடியவள், இன்று இரவு ஏழரைக்குத்தான் மாற்றுத் துணி எடுக்கத் திரும்பியிருந்தாள். முப்பத்திரண்டு மணி நேரம் பூட்டிக் கிடந்த வீடு. தேக்கா சந்தைக்குப் பின்னால், பதினோராவது மாடி. மீன் வாடையும் மல்லிகை வாடையும் கலந்து ஏறிவரும் அந்த உயரத்தில், சாத்திய ஜன்னல்களுக்குள், சந்தன சோப்பின் புது வாசனை ஈரத்தோடு நின்றது. வாளியில் பாதித் தண்ணீர். அதன்மேல் பிளாஸ்டிக் குவளை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் அதிலிருந்து கையை எடுத்ததுபோல.

குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டாள். குழாயைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன், மருத்துவமனை நடைபாதையில் மாமியார் தங்கம் வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். தினமும் ஆறரைக்கு, கணவன் திலீப் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் நேரத்துக்கு, பட்டுக்கோட்டையிலிருந்து அவள் கூப்பிடுவது நான்கு வருஷப் பழக்கம். எடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள். பவித்ரா வெள்ளைச் சுவரைப் பின்னால் விட்டு எடுத்தாள்.

"எங்கம்மா அவன்?"

"குளிக்கிறார், அத்தை."

அதை இப்போது நினைத்ததும் அவள் வாளியிலிருந்து ஓரடி விலகி நின்றாள்.

குளிக்கும் நிலையில் திலீப் இல்லை. ஆறு நாள் வயிற்று வலியை வாயு மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனவன், ஏழாம் நாள் சாரத்தின் அடியில் சுருண்டு விழுந்தான். குடலில் ஓட்டை. சீழ் வயிறு முழுக்கப் பரவிவிட்டது. மருத்துவமனைக்குப் போன அரை மணி நேரத்தில் படிவத்தை நீட்டினார்கள். அன்றே கிழித்து, கழுவி, தைத்து, மூச்சுக்குழாய் வைத்து தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைத்துவிட்டார்கள். அவனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்த நசீர், அவனோடு வேலை செய்பவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இன்னும் பட்டறைச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"கேட்டா, சாப்பிட்ட பரோட்டா சரியில்லங்கறான் லா," என்றார் நசீர். "எந்தப் பரோட்டா ஆறு நாளைக்கு நிக்கும்? சொல்லு பார்ப்போம்." சிரிக்கப் பார்த்து, முடியாமல் காபி வாங்கப் போய்விட்டார்.

ஊரிலிருந்த கொழுந்தன் ரஞ்சனுக்கு அன்றே செய்தி அனுப்பியிருந்தாள். வெகுநேரம் கழித்து எழுத்தில்தான் பதில் வந்தது. "அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க அண்ணி. அம்மா நல்லா இருக்காங்க. நீங்க அண்ணனைப் பாருங்க."

அது அந்தக் குடும்பத்தின் சட்டம். கடல் தாண்டி நல்ல செய்தி மட்டும்தான் போகும், வரும். மாமனார் இறந்தபோதுகூட திலீப்பிடம், "அப்பாவுக்கு லேசான காய்ச்சல், வந்து பார்த்துட்டுப் போ" என்றுதான் சொன்னார்கள். தெருமுனையில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அப்பாவுக்குப் பிடித்த பேரீச்சம்பழப் பெட்டி அப்போது அவன் மடியில் இருந்தது.

துணியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குத் திரும்பினாள். தாதி அவளைத் தனியே அழைத்தாள். "சிறுநீர் நின்னுபோச்சு. ஆறரை மணியிலேர்ந்து ஒரு சொட்டு இல்லை."

பவித்ரா கட்டிலடியில் தொங்கிய காலிப் பையைப் பார்த்தாள். வாளியில் பாதித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க மறுத்தாள்.

மறுநாள் ஆறரைக்கு அவள் மருத்துவமனைச் சாப்பாட்டுக் கடையில் இருந்தாள். அத்தையின் முகம் திரை நிறையத் தெரிந்தது. அதுவே கொஞ்சம் புதிதாக இருந்தது. தங்கத்துக்குப் போனை நேராகப் பிடிக்கவே வராது. நான்கு வருஷமாகப் பாதி நெற்றியும் சுற்றும் மின்விசிறியும்தான் பேசும். இப்போது முகம் நடுவில், அசையாமல், நன்றாக இருந்தது. தலைக்குமேல் விசிறி நின்றிருந்தது. கரண்ட் இல்லை போலிருக்கிறது, ரஞ்சன் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டார், அத்தை."

"என்ன பண்றான்?"

"களைப்பு. தூங்குறார்."

"தூங்கட்டும்," என்றது முகம். "நல்லாத் தூங்கட்டும்."

அன்று வீட்டுக்கு வந்தபோது சமையலறைத் தொட்டியில் ஒரு தட்டு கிடந்தது. ரசம் காய்ந்த கோடுகள், வழித்து நக்கிய நான்கு விரல் தடங்கள், ஓரத்தில் ஒதுக்கிய கறிவேப்பிலை. திலீப் கறிவேப்பிலையை ஒதுக்குவான். மூன்று நாளாக இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. வெளியே வீரமாகாளியம்மன் கோயில் பக்கமிருந்து மாலைப் பூசையின் நாதசுரம் காற்றில் அறுந்து அறுந்து வந்தது. அது நின்ற இடைவெளியில்தான் மற்றது கேட்டது.

மூச்சு.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் ஒருவன் ஆழ்ந்து தூங்கும் மூச்சு, இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, சின்ன விசிலோடு விடும் மூச்சு. நான்கு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. இந்த நேரத்தில் திலீப்புக்காக ஓர் இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதில் அந்த விசில் கிடையாது.

தட்டைத் தொடவில்லை. பையை எடுக்கவில்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் பதினோரு மாடியும் இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மருத்துவர் உட்காரச் சொன்னார். நேற்று மாலையிலிருந்து குழாய் வழியே கொடுக்கும் உணவெல்லாம் திரும்பி வருகிறது. மயக்க மருந்தை இரவே நிறுத்திவிட்டோம், இந்நேரம் கண் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. இரவு ஒன்பது மணி வரை பார்ப்போம். இல்லாவிட்டால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். இந்த நிலையில் தாங்குவாரா என்று சொல்ல முடியாது.

பவித்ரா கையெழுத்துப் போட்டாள். பிறகு நடைபாதை நாற்காலியில் நசீருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

குளிக்கிறார் என்றேன். நீர் நின்றது.

சாப்பிட்டார் என்றேன். உணவு திரும்புகிறது.

தூங்குகிறார் என்றேன்.

அவளுக்குள் பயத்துக்குப் பக்கத்தில் வேறொன்று எழுந்து உட்கார்ந்தது. கோபம். இங்கே இருப்பவனிடமிருந்து எடுத்து எடுத்து அங்கே வீட்டில் ஒருவனைச் செய்துகொண்டிருக்கிறேன், என் வாயாலேயே. இனி ஒரு பருக்கை கொடுக்க மாட்டேன்.

ஐந்தரைக்கு எழுந்தாள்.

"இப்ப எங்க போற?" என்றார் நசீர். "டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டல்ல?"

"வீட்டுல ஒரு வேலை இருக்கு அண்ணே. நீங்க அவர் பக்கத்துலயே இருங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு இருங்க."

"ஆம்பள கையை ஆம்பள பிடிச்சா எழுந்து என்னைத் திட்டுவான்."

"திட்டட்டும். அதுக்குத்தான்."

வீட்டில் விளக்கைப் போடவில்லை. மழை கட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் சாம்பல் வெளிச்சம், சோப்பு வாசனை, ரச வாசனை, தூங்கும் ஆண் உடம்பின் வெதுவெதுப்பான வாசனை. படுக்கையறைக் கதவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே விசில் மூச்சு ஏறி இறங்கியது. அவள் காத்திருந்தாள். எழவில்லை.

ஆறரை. போன் அதிர்ந்தது.

உள்ளே மூச்சு நின்றது. அது ஒட்டுக்கேட்கிறது.

"எங்கம்மா அவன்?"

"அத்தை, மன்னிச்சுக்குங்க. இதுவரைக்கும் பொய் சொன்னேன்." அவள் கதவைப் பார்த்தே பேசினாள். "அவர் இங்க இல்லை. ஆஸ்பத்திரியில இருக்கார். வயித்துல ஆபரேஷன். அவர் குளிக்கலை. சாப்பிடலை. இந்த ரூம்ல யாரும் தூங்கலை. இந்த வீட்டுல என்னைத் தவிர யாருமே இல்லை."

கதவுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

எழுந்தாள். கைப்பிடியை அழுத்தித் தள்ளினாள். படுக்கை விரிப்பு சுருக்கமின்றிக் கிடந்தது. தலையணையில் ஒரு பள்ளம். அவள் பார்க்கப் பார்க்க அது மெல்ல எழும்பி, நிரவி, இல்லாமல் போனது. விசிறி அசையாமல் தொங்கியது. இஸ்திரிப்பெட்டி சுட்ட கறையோடு பச்சைத் திரைச்சீலை. வேறொன்றுமில்லை. கதவை விரியத் திறந்து விட்டுவிட்டு வந்தாள். திரையில் அத்தையின் முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை. கேள்வி கேட்கவில்லை. இணைப்பு அறுந்தது.

குளியலறை உலர்ந்திருந்தது. தட்டில் தூசி.

ஆறு ஐம்பதுக்கு நசீர் கூப்பிட்டார். "கண்ணைத் தொறந்துட்டான் லா," என்றார். "என் கையைப் பாத்தான். மொறைக்கிறான். பையில தண்ணி விழுது, நர்ஸு சொல்றாங்க."

அவள் சுவரில் சாய்ந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கையோடு ரஞ்சனை அழைத்தாள். இனி எழுத்தில் வேண்டாம்.

"ரஞ்சன், அண்ணன் கண் திறந்துட்டார். இன்னொண்ணு, கோச்சுக்காதீங்க. அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சக்கரங்கள் உருளும் சத்தம், எங்கோ ஒரே சீராக அடிக்கும் ஒரு பீப். மூன்று நாளாக அவள் கேட்டுப் பழகிய பீப்.

"யார்கிட்ட அண்ணி?"

"அத்தைகிட்ட. தினமும் வீடியோல வர்றாங்கல்ல."

"அண்ணி." அவன் குரல் உடைந்தது. "அம்மா திங்கட்கிழமை ராத்திரி விழுந்தாங்க. தஞ்சாவூர்ல ஐசியூல இருக்காங்க. இன்னும் நினைவு வரலை. நீங்களே அங்க அண்ணனோட தவிக்கிறீங்க, இதை எப்படிச் சொல்றதுன்னு... அம்மா போன் வீட்டுல. பீரோவுக்குள்ள. ஆஃப் பண்ணித்தான் வச்சேன்."

மழை இறங்கிவிட்டது. ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர்.

"ரஞ்சன், நான் சொல்றதைக் கேளுங்க. இப்பவே வாய்விட்டுச் சொல்லுங்க. அம்மாவுக்கு முடியலைன்னு. வீட்டுல இல்லைன்னு."

"அப்படிச் சொல்லக் கூடாது அண்ணி. அம்மா நல்லா இருக்காங்க. நல்லாயிடுவாங்க."

"ரஞ்சன், சொல்லாதீங்க. அப்படிச் சொல்லாதீங்க."

"நல்லா இருக்காங்க அண்ணி," என்று அழுதான். போன் அடங்கியது.

உடனே மறுபடி அதிர்ந்தது. வீடியோ. அத்தை.

எடுக்காமல் விடலாம். வெளிக்கதவு நான்கடியில் இருந்தது. ஆனால் இது ரஞ்சனையும் கூப்பிடும். திலீப் எழுந்து உட்கார்ந்ததும் அவனையும் கூப்பிடும். அவள் எடுத்தாள்.

முகம் நேராக, நடுவில், நிறைவாக இருந்தது.

"அவன் இல்லேன்னா பரவாயில்லம்மா," என்றது. "நான் நல்லா இருக்கேன்ல. ரஞ்சன் சொன்னானே."

"நீ என் அத்தை இல்லை."

முகம் சிரித்தது. கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. தலைக்குமேல் நின்ற விசிறி தெரிந்தது. தோளுக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை. பச்சை. ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட கறை.

பவித்ரா தலையைத் தூக்கினாள்.

விரியத் திறந்து விட்டிருந்த படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

திரையில் முகம் எழுந்தது. அறை ஆடியது. கதவின் உட்பக்கம் வந்தது. வளையல் போட்ட சுருங்கிய கை ஒன்று நீண்டு கைப்பிடியைப் பிடித்தது.

இந்தப் பக்கத்தில், கைப்பிடி இறங்கத் தொடங்கியது.

போனை வீசினாள். ஓடிப்போய் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி மேலே தூக்கிப் பிடித்தாள். கால்களை ஊன்றினாள்.

"என் அத்தை தஞ்சாவூர்ல இருக்காங்க," என்றாள் பல்லைக் கடித்து. "நினைவில்லாம இருக்காங்க. இங்க யாரும் இல்லை."

உலோகம் சூடாக இருந்தது, வெகுநேரம் யாரோ பிடித்திருந்ததுபோல. அது கீழே அழுத்தியது. அவள் மேலே தூக்கினாள். அழுத்தியது. தூக்கினாள். கதவின் அந்தப் பக்கம் வளையல்கள் குலுங்கின. மிக அருகில், மரத்தில் வாய் வைத்ததுபோல ஒரு குரல்.

"நல்லா இருக்கேம்மா."