எதிர்க்கட்டில் குரல்

எதிர்க்கட்டிலில் யாரோ இருமினார்கள். அது இந்தக் கட்டிலில் கிடந்த அவளுடைய இருமல்.

நெஞ்சைச் செருமிக் கடைசியில் சின்னதாய் விசிலடிக்கும் இருமல். வருஷக்கணக்கில் பஸ் புகையை விழுங்கிய கண்டக்டரம்மாவுக்கே உரியது. ஆனால் இப்போது அவள் வாயில் குழாய். இருமினாலும் சத்தம் வராது. போதாததற்கு, அந்தக் கட்டில் காலி. காலையில்தான் சிஸ்டர் மெத்தையைச் சுருட்டிவிட்டுப் பச்சைத் திரையை இழுத்து மூடியிருந்தாள்.

“குழாய் குரல் நாணுக்கு நடுவுல போகுதுக்கா. எடுக்கிற வரைக்கும் பேச முடியாது. உள்ள பலூன் ஊதி வச்சிருக்கு, பிடுங்கினா தொண்டை கிழிஞ்சிடும்,” என்று சொல்லித்தான் அவள் கைகளைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தாள் சிஸ்டர். பேச்சுக்குப் பதில், மோதிரத்தால் கம்பியில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. மகளுக்கும் சொல்லிக்கொடுத்தாயிற்று.

மெஷின் அவளுக்காக மூச்சு இழுத்து விட்டது. பிளாஸ்டிக் வாடை, மருந்து வாடை, அதற்கடியில் ஈரத்துணி வாடை. இவற்றுக்கு நடுவே, பச்சைத் திரைக்குப் பின்னால், யாரோ புதுச்செருப்பை மாட்டி நடந்து பார்ப்பதுபோல, அவளுடைய குரல் மெதுவாகப் பழகிப் பார்த்தது.

“உள்ள போ... உள்ள போங்க... படியில நிக்காதே...”

எவடி அவ? பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. என் வாயை அடைச்சுட்டு என் குரலையே தூக்கிட்டுப் போவியா?

கதவு திறந்தது. பார்வை நேரம். மகளை உள்ளே விட்ட சிஸ்டர், போன் அடிக்கவே திரும்பிப் போனாள். தன் கட்டிலின் பாதி மூடிய திரை வழியே, படுத்திருந்த அவளுக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது.

“கண்ணு, இங்க வாடா. அம்மா பேசுறேன் பாரு.”

“அம்மா! குழாய எடுத்துட்டாங்களா?”

மகளின் சிவப்புச் செருப்புகள் எதிர்த்திரையை நோக்கி ஓடின.

தட்டினாள். இரண்டு. மறுபடி இரண்டு.

செருப்புகள் நின்றன. “அம்மா, அங்க யாரு இல்லைன்னு தட்டுறது?”

“அது யாரோ கெழவிடா. நீ வா.”

கெழவியா! இருடி, வர்றேன்.

கட்டிய கைக்கு எட்டும்படி தலையைக் குனிந்தாள். விரலில் குழாய் சிக்கியது. இழுத்தாள். பலூன் தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வந்தது. ரத்தம். மெஷின் அலறியது. வாயைப் பிளந்து மகளைக் கூப்பிட்டாள்.

காற்று. வெறும் காற்று.

“உள்ள ஏறு கண்ணு,” என்றது அவள் குரல்.

மூச்சு முட்டியது. விடமாட்டேன்டி. தட்டினாள். இல்லை. இல்லை. இல்லை.

பச்சைத் திரைக்கு அடியில் சிவப்புச் செருப்புகள் தெரிந்தன. பக்கத்தில் வேறு கால்கள் இல்லை. மெல்ல, யாரோ இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதுபோல, அவை தரையைவிட்டு எழும்பின.