நீங்க முதல்ல போங்க

ஹனீனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இர்பித் நகரின் கடைத்தெருவில் இருக்கும் லுப்னா டாக்டரின் பல் கிளினிக்குக்கு அவளும் அவள் பாபா என்று கூப்பிடும் அப்பாவும்தான் முதலில் வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. பின்னால் வந்த பலர் உள்ளே போய் வந்தும் அவர்கள் இன்னும் போகவில்லை.

பாபா பேருந்து ஓட்டுகிறவர். மூன்று மாதமாக அவர் கடிக்கிற ரொட்டியில் எல்லாம் ரத்தம். பல் தேய்த்தாலும் ரத்தம் வந்ததால் தேய்ப்பதையே விட்டுவிட்டார். ஒருநாள் அவருடைய பேருந்தில் ஏறிய லுப்னா டாக்டர், அவர் சிரித்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே வாயைத் திறக்கச் சொன்னார்.

"தேய்க்காம விட்டா ஈறு இன்னும் கெட்டுப்போகும். பல்லுல கறை கல்லா இறுகிப்போயிருக்கு. கிளினிக்குக்கு வந்து சுத்தம் பண்ணிக்குங்க. இல்லேன்னா முன்பல் ரெண்டும் ஆடி விழுந்துடும்" என்றார்.

பாபா நன்றாகத் தலையாட்டினார். இரண்டு தடவை வந்து, வேறு எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டு வீடு திரும்பினார். இது மூன்றாவது தடவை. நாளை முதல் டாக்டர் ஒரு மாதம் ஊரில் இருக்கமாட்டார்.

கதவு திறந்தது. "அடுத்தது யாரு?" என்று நர்ஸ் கேட்டார்.

பாபா நெஞ்சில் கைவைத்து எழுந்தார். பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "ஹாஜி, நீங்க முதல்ல போங்க" என்றார்.

"நீதானேப்பா முதல்ல வந்தே."

"அல்லாஹ் மேல ஆணை, நீங்க போகாம நான் போகமாட்டேன்."

ஆணை என்று வந்துவிட்டால் யார் என்ன செய்வது? பெரியவர் போய்விட்டார்.

"பாபா, அவருக்குப் பல்லே இல்ல. பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்திருக்கார். அவருக்கு என்ன அவசரம்?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கு, கண்ணு."

ஹனீன் கோபத்தோடு அவர் கையைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது. முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் அநாயாசமாகப் பேருந்து ஓட்டுகிற பாபாவுக்குப் பயம். அதைச் சத்தமாகச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் கூனிக் குறுகிப்போவார்.

அவள் தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல எழுந்து, மூலையில் இருந்த பக்கத்து வீட்டு அம்மா உம்மு ஷாஹிரின் காதில், சித்தி முறை வைத்துச் சொன்னாள். "காலா, எங்க பாபா எல்லாருக்கும் முறையை விட்டுக்கொடுத்துக்கிட்டே இருக்கார். இந்தத் தடவை நீங்க அவருக்குக் கொடுங்களேன். ஆணையிட்டுச் சொல்லணும். அதுவும் அவர் ஆணையிடறதுக்கு முன்னாடியே."

உம்மு ஷாஹிர் பாபாவின் முழங்காலைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த மாணவனிடம் கிசுகிசுத்தார்.

கதவு மறுபடி திறந்தது. பாபா வாயைத் திறப்பதற்குள் உம்மு ஷாஹிர் முந்திக்கொண்டு, ஊர் வழக்கப்படி ஹனீனின் அப்பா என்று அவரை அழைத்தார். "அல்லாஹ் மேல ஆணை, அபூ ஹனீன், நீங்க போகாம நான் போகமாட்டேன்."

"நானும்தான்" என்றான் வீங்கிய கன்னத்தோடு அந்த மாணவன்.

பாபா மகளை முறைத்தார். மகள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"நானும் உள்ள வர்றேன். கையைப் பிடிச்சுக்கிறேன்" என்றாள் மெதுவாக.

உள்ளே மரத்துப்போக ஊசி போட்டார்கள். கருவி வண்டுபோல ரீங்கரித்தது. ஈறுக்கு அடியில் இருந்த கல்லெல்லாம் பெயர்ந்து வந்தது. பாபா பிடித்த பிடியில் ஹனீனின் விரல்கள்தான் சிவந்துபோயின.

"இவ்வளவுதானா?" என்றார் பாபா, மரத்துப்போன வாயால்.

"இவ்வளவுதான். முன்பல் பிழைச்சுது. தினமும் ரெண்டு வேளை தேய்க்கணும்" என்ற டாக்டர் ஹனீன் பக்கம் திரும்பினார். "வந்ததுதான் வந்தே, உன் பல்லையும் பார்த்துடலாம். உட்காரு."

ஹனீன் கதவை நோக்கி ஓடினாள். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, வெளியே இருந்த உம்மு ஷாஹிரிடம், "காலா, நீங்க முதல்ல போங்க" என்றாள்.