அரைக் கட்டை இறக்கம்

பேண்டு வாசிக்கிற இடி, பெட்டி ரிப்பேர் பார்த்ததுக்கு எனக்குத் தர வேண்டிய கூலி பாக்கி ஆயிரத்து எழுநூற்று நாற்பது. கேட்கப் போன அன்று அக்கார்டியன் பெட்டியாலேயே வாயில் அடித்தார். முன்பல் ரெண்டு போச்சு. அவர் குரல் இடி மாதிரி இருக்கும், அதனால்தான் அந்தப் பட்டப்பேர். ஆள் செத்ததும் பாக்கியும் செத்தது என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் அவர் மகன் கூப்பிட்டனுப்பினான்.

"அண்ணே, பெட்டி சுருதி உசரமா நிக்குது. பேண்டுல எவன்கூடவும் சேரல. அரைக் கட்டை இறக்கிக் குடுங்க. அப்பா வெச்ச பாக்கியையும் சேத்தே தரேன்."

வாடகை வராவிட்டால் சட்டி பானையைத் தெருவில் வைப்பேன் என்று வீட்டுக்காரன் சொல்லியிருந்த வாரம் அது. சரி என்றேன்.

அவர்கள் வீட்டில் சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. காயாத துணியின் வாடை. கூடத்துச் சுவரில், ஒரு ஆள் தலை உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. யார் தலை என்று கேட்க வேண்டியதில்லை.

இடியின் சம்சாரம், அந்த அக்கா, கதவோரம் நின்றாள்.

"இறக்காதப்பா. அவர் கண்ணை மூடின மாசமே வேற ஆளை வெச்சு நான்தான் ஏத்தினேன். சுருதி தாழ்ந்தா அதுக்குள்ள அவர் பேசுறார். இந்த உசரம் அவருக்கு எட்டல."

மகன் சிரித்தான். "இருந்தப்பவும் பயம், செத்தும் பயம். நீங்க ஆரம்பிங்கண்ணே."

பெட்டிக்குள் ஒலிக்கிற உலோக நாக்குதான் ரீடு; அதன் சுருதியை ஏற்ற நுனியில் அராவ வேண்டும். இறக்க வேரில் சுரண்ட வேண்டும். சுரண்டினது திரும்ப ஒட்டாது. எனக்கு அது தெரியும். வாடகையும் தெரியும்.

ஒரு வரிசை முடித்துப் பெட்டியை மூடினேன். அவன் வாரைத் தோளில் மாட்டி, பக்கப் பட்டைக்குள் கையை விட்டுத் துருத்தியை இழுத்தான்.

சாராய நெடி.

அவன் ஒரு கட்டையையும் அழுத்தவில்லை.

"பாக்கி கேட்டு வந்தியாடா?"

பெட்டிதான் கேட்டது.

பட்டை இறுகியது. காய்ந்த சுள்ளி மாதிரி அவன் மணிக்கட்டு முறிந்தது. தோள் வார் ஊர்ந்து கழுத்துக்கு ஏறியது. கண் பிதுங்கியது. நான் முட்டி போட்டு வாரை இழுத்தேன். அது என் விரலையும் சேர்த்து நெரித்தது.

அக்கா அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாரை அறுக்கவில்லை. துருத்தியைக் கொத்தினாள். கொத்திக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் அடிப்பியா? சொல்லு, அடிப்பியா?"

துருத்தி கிழிந்து, உள்ளே இருந்த மூச்சு மொத்தமும் என் முகத்தில் அடித்தது. என் வாய் திறந்திருந்தது.

விழுங்கிவிட்டேன்.

மகன் பிழைத்தான். அந்தக் கைதான் இனி உதவாது. மறுநாள் அக்கா பணத்தோடு என் வாசலுக்கு வந்தாள். 'வேணாம்க்கா, கணக்கு தீந்துச்சு' என்று சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் பணத்தைக் கீழே போட்டுவிட்டு, ரெண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

அன்றோடு பேச்சை விட்டேன். நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்துதான் இப்போது எனக்கு வாய். வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன்.

நேற்றுத் தூக்கத்தில் பேசினேனா தெரியவில்லை. காலையில் பெண்டாட்டி என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் சுவரில், அவள் தலை உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது.