கனமான கோப்பு

அம்மாவின் அச்சுக் கடையில், மேசைமேல் தேநீர் ஆறிக் கிடந்தது. மூன்று நாட்களாக ஓயாத வேலை. அம்மாவின் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

எதிரே தையல்கார மாமா நின்றார். காலையிலிருந்து அவருடைய நாய் கட்டையனைக் காணவில்லை.

"பெரிய சுவரொட்டியா போட்டுக் குடு, தங்கச்சி. இடது காதுல வெள்ளையா ஒரு பிறை இருக்கும். அது தெரியணும். இந்தத் தெருவுல மட்டும் பத்துப் பழுப்பு நாய் இருக்கு."

அம்மா கணினியில் இருந்த கட்டையனின் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். காது இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது.

"ஐயோ அண்ணே! நேத்து உங்க முகவரி அட்டைக்காக இதைச் சின்னதாக்கினேன். தூக்கக் கலக்கத்துல அதே பேர்லயே சேமிச்சுட்டேன். பெரிய படம் போயிடுச்சு."

"படம் எடுத்த போனும் உடைஞ்சுபோச்சே," என்றார் மாமா. கழுத்தில் கிடந்த அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் வாண்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, நீ அடிச்சுக் குடுத்த மாமா கடைக் காலண்டர்லயும் கட்டையன் இருக்கானே?"

"அதுல தபால்தலை அளவுதான்டி இருக்கான்."

"அப்புறம் ஏன் அந்தக் கோப்பு யானை மாதிரி கனக்குதுன்னு திட்டுவே?"

அம்மாவின் கொட்டாவி பாதியில் நின்றது.

"பார்க்கத்தான் சின்னதோ? உள்ளே முழுப் படமும் இருக்குமோ?" என்றாள் வாண்டு.

காலண்டர் கோப்பு மெல்ல மெல்லத் திறந்தது. அதிலிருந்த நாய்ப் படத்தை மட்டும் வாண்டு தனியாக எடுத்துச் சேமித்தாள். பிறகு அதைப் பெரிதாக்கினாள்.

காது வந்தது. பிறை வந்தது. மூக்கின் ஈரம்கூடப் பளபளத்தது.

"அவனேதான்!" மாமா திரையைத் தடவினார்.

தெருவெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். இருட்டுவதற்குள் பழக்கடைக்காரர் கட்டையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என் கூடைக்குள்ள தூங்கிட்டு இருந்தான். காதைப் பார்த்தேன், பிறை இருந்துச்சு!"

அன்று கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு அம்மா நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் கணினியைத் திறந்தபோது, வாண்டு படத்துக்கு வைத்திருந்த பெயர் கண்ணில் பட்டது: 'கட்டையன் பெரிசு அம்மா தொடக்கூடாது'.

அம்மா சிரித்துக்கொண்டே, முதல் வேலையாக அதற்கு ஒரு நகல் எடுத்தாள்.