குறத்தி எறிந்த கல்!

"ஐயோ...!"

திரைக்குப் பின்னால் கேட்ட அலறலில், மேடையில் ஆடிக்கொண்டிருந்த வேலுத்தாயின் சலங்கை நின்றது.

ஓடினாள்.

யானை செத்துக் கிடந்தது!

மூங்கிலும் சாக்குமாய்க் கட்டிய நாடக யானை. முன்கால்களாக நடந்த பாலே நாடகக் கம்பெனி முதலாளி சோலைமலை, அதற்குள் ரத்தத்தில் கிடந்தார். பின்கால்களாக நடந்த கன்னையன் பக்கத்தில் நின்று அலறிக்கொண்டிருந்தான். வருகிற தை மாசம் வேலுத்தாய்க்குத் தாலி கட்டப்போகிறவன் அவன்தான்.

1979. குரங்கணி எஸ்டேட்டில் சாயங்கால ஷோ. போடியிலிருந்து ஜீப்பில் வந்து குதித்தார் இன்ஸ்பெக்டர் வீரையா.

"நீ யாரும்மா?"

"குறத்தியா ஆடுறவ சார்... வேலுத்தாய். நான்தான் கொன்னேன்!"

"என்னது!"

"தினைக்காட்டுல யானை வரும். கவண்ல பஞ்சு உருண்டை வச்சு அடிப்பேன். அது பிளிறிக்கிட்டு உள்ள ஓடும். இன்னைக்கு... கல்லு வச்சுட்டேன் சார்!"

"ஏன்?"

"நாளைக்குப் போடியில குறத்தி வேசம் ராமுத்தாய்க்குன்னு முதலாளி சொல்லிட்டாரு. கொஞ்சம் வலிக்கட்டும்னுதான்..."

சலங்கைக் காலைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எறிஞ்ச பெறகும் ஆடுனேன் சார்! சனம் கை தட்டுது... எனக்கு ஒவ்வொரு அடியும் அவரு நெஞ்சுல மிதிக்கிற மாதிரி இருந்துச்சு. சோறு போட்ட மனுசன் சார்!"

கன்னையன் கண்ணைத் துடைத்தான்.

"அழுவாத வேலு. நீ செயில்லருந்து வர்ற வரைக்கும் காத்திருப்பேன்."

வீரையா பிணத்தைப் புரட்டினார். ஏதோ வாசனை... மூக்கை உறிஞ்சினார்.

"யானை ஒன்னையப் பாத்துத்தான நின்னுச்சு?"

"ஆமா சார்."

"அப்ப கல்லு நெத்தியிலல்ல படணும்? காயம் பின்மண்டையில இருக்கே!"

கன்னையனின் முகம் வெளுத்தது.

வீரையா யானையின் வயிற்றுச் சாக்கைக் கிழித்தார். பொலபொலவென்று கொட்டியது... ஏலக்காய்!

"எஸ்டேட் ஸ்டோர்ல திருடுன சரக்கு. நாடக யானை வயித்தை எந்த செக்போஸ்ட்ல சோதிக்கிறான்? வயிறு கனக்குதேன்னு முதலாளி கேட்டாரா, கன்னையா?"

கன்னையன் பாய்ந்தான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அவன் கழுத்தை அமுக்கிப் பிடித்தார்.

வேலுத்தாய் வெறித்துப் பார்த்தாள்.

"சார்... அந்தக் கல்லு... 'கோவத்தத் தீத்துக்க'ன்னு பொறுக்கிக் கொண்டாந்து குடுத்ததே இந்த மாமாதான்!"

"பழியப் போட ஒரு ஆளு வேணுமில்ல!"

"அப்ப என் கல்லு அவரு மேல படவே இல்லையா சார்?"

"யானை மண்டையில ஒரு பொத்தல். அம்புட்டுத்தான்."

அவளுக்கு அழுகை நிற்கவில்லை.

"எறியும்போது, சாகட்டும்னு ஒரு நிமிசம் நெனச்சேனே சார்!"

"நெனச்சதுக்கெல்லாம் எங்கிட்ட செக்‌ஷன் இல்லம்மா" என்றவர், கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார்.

"முன்கால ஜீப்புல ஏத்தி போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பு. பின்கால ஸ்டேஷனுக்கு வெரசா நடக்கச் சொல்லு... குனிஞ்சே நடந்து பழக்கம்தான!"