உருண்டைக்கு இரண்டு வயதாகும் நாள்

“தம்பி பொறந்த தேதி என்ன பாப்பா?” கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் டிக்கெட் கடைக்காரம்மா.

“நாங்க கிளம்பற மாசம்தான், பதினேழாம் தேதி” என்றாள் கணக்கு.

அவளுடைய உண்மையான பெயர் அதுவல்ல. ஆனால் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டில் நர்ஸாக வேலை பார்க்கும் அக்காவைப் பார்க்கப் போகலாம் என்று முடிவான அன்று, பீரோக் கதவின் உள்பக்கம் ஐந்து கவர்களை ஒட்டியவள் அவள்தான். ஒவ்வொன்றின் மேலும் பெரிதாக எழுதியிருந்தாள்: டிக்கெட், விசா, சாப்பாடு, ஊர் சுற்ற, திடீர்.

‘திடீர்’ கவர் இப்போது காலி. போன மாதம் தம்பி சட்டைப் பொத்தான் ஒன்றை விழுங்கிவிட்டான்.

கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

“திரும்பி வர்றது இருபதாம் தேதின்னுதானே சொன்னீங்க? அப்போ பையனுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருமே?”

“ஆமாங்க! பொறந்தநாளே அங்கதான். பெரியவ அவனை இன்னும் தூக்கினதுகூட இல்ல. இவன் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா” என்றார் அப்பா, வாயெல்லாம் பல்லாக.

“அப்போ வரும்போது மடியில வச்சுக்க முடியாது சார். ரெண்டு வயசு ஆயிட்டா தனி சீட், தனி டிக்கெட்.”

கடைக்காரம்மா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். கணக்கு அந்த எண்ணைப் பார்த்தாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

பத்தாயிரம் கூடியிருந்தது.

நான்கு மாதத்துக்கு முன்பு இதே கடையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து அவள்தான் விசாரித்தாள். இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் விலையில் பத்தில் ஒரு பங்கு போதும் என்றார்கள். தம்பிக்கு இரண்டு வயது ஆகவில்லையே! சந்தோஷமாக எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

போகும்போது அவனுக்கு எத்தனை வயது என்று மட்டும்தான் அவள் யோசித்திருந்தாள். திரும்பி வருவதற்குள் அவன் வளர்ந்துவிடுவான் என்பது தோன்றவே இல்லை.

“அப்பா...”

அப்பா பணக்கவரை மெதுவாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இந்த விலை எப்போ வரைக்கும் இருக்கும்மா?”

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சிருக்கேன் சார். அதுக்கு மேல என் கையில இல்ல.”

வழியெல்லாம் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்குக்கு அதுதான் பயமாக இருந்தது. அப்பா சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஸ்பேனர் காலில் விழுந்தாலும் ஏதாவது ஜோக் அடிப்பார். இன்றைக்கு ஒன்றுமே இல்லை.

“அப்பா, திட்டிடுங்களேன்.”

“எதுக்கு?”

“தப்பு என்னோடதுதானே?”

“பசிக்குது. வீட்டுக்குப் போலாம் வா” என்றார் அப்பா.

பத்தாயிரம் என்றால் மூன்று மாதச் சேமிப்பு. அதற்காக வீட்டில் என்னவெல்லாம் செய்தார்கள் என்று கணக்குக்குத் தெரியும். அப்பா சலூனுக்குப் போவதை நிறுத்தி, தானே முடி வெட்டிக்கொண்டார். அதனால் அவர் தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரியே இருந்தது. ஹோட்டல் லாண்டரியில் வேலை பார்க்கும் அம்மாவின் செருப்பு அறுந்தபோது, அப்பா அதற்குச் சைக்கிள் ட்யூப் வெட்டிப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தார்.

இன்னும் மூன்று மாதம் சேர்த்துவிட்டுப் போகலாமா? அதற்குள் தம்பிக்குப் போகவும் வரவும் தனி டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். அவன் வளர்வதை யாரால் நிறுத்த முடியும்?

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான். கன்னம், வயிறு, முழங்கால் எல்லாம் உருண்டையாக இருப்பதால் அவன் பெயரே உருண்டை ஆகிவிட்டது.

“நீ கொஞ்சம் மெதுவா வளரக் கூடாதாடா?” என்றாள் கணக்கு.

“ஊஊ” என்றான் உருண்டை.

சாயங்காலம் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கூட்டினாள், கழித்தாள். சாப்பாட்டுக் கவரில் கை வைத்தால் அங்கே பட்டினி. விசாக் கவரில் கை வைத்தால் உள்ளேயே விடமாட்டார்கள். எப்படிப் போட்டாலும் இடித்தது.

தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தவள், சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். உள்ளே அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நான் நின்னுக்கறேங்க. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க.”

“உனக்கு என்ன பைத்தியமா? நான் நிக்கறேன். நீ போ.”

“உங்களை விட்டுட்டுப் போனா நாங்க திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு பக்கமும் முடியை வெட்டிப்பீங்க.”

அப்பா சிரிக்கவில்லை.

“நான் போகலன்னா என் டிக்கெட் காசுலயே இவன் சீட்டு வாங்கிடலாம். மிச்சத்துல பெரியவளுக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்கிட்டுப் போங்க” என்றாள் அம்மா. “ஆனா ஒண்ணு. கணக்குகிட்ட எதுவும் சொல்லக் கூடாது. எனக்கு லீவு கிடைக்கலன்னு சொல்லிடலாம். அவ தப்புனாலதான்னு தெரிஞ்சா குழந்தை உடைஞ்சு போயிடுவா.”

அம்மா வரமாட்டாளா? இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும், சோப்பில் ஊறிச் சுருங்கிப்போன விரல்களால் கவரில் பணம் வைத்த அம்மாவா?

அம்மாவுடைய போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். அவசர அவசரமாக அக்காவின் எண்ணைத் தட்டியதில் போன் இரண்டு முறை வாளிக்குள் விழப் பார்த்தது.

“என்ன கணக்கு? ஏன் பாத்ரூம்ல இருக்கே?” திரையில் அக்கா நர்ஸ் உடுப்போடு தெரிந்தாள். அங்கே மதிய இடைவேளை.

“அக்கா, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்” என்று ஆரம்பித்தவள், மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“என்னது? அம்மா வரலையா?” அக்கா கத்திய கத்தலில் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அம்மாவைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சுடி!”

“தெரியும்க்கா. திட்டு. ஆனா கொஞ்சமாத் திட்டு. நான் ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“உருண்டைக்குத் தன்னோட பொறந்தநாள் என்னைக்குன்னு தெரியுமா?”

“அவனுக்குத் தன்னோட மூக்கு எங்க இருக்குன்னே தெரியாதே!”

“அதேதான்க்கா! நாங்க பன்னெண்டாம் தேதிக்குப் பதிலா எட்டாம் தேதியே கிளம்பி வர்றோம். பதினாறாம் தேதி திரும்பிடறோம். அன்னைக்கு அவன் இன்னும் ரெண்டு வயசு ஆகாத குழந்தைதான். மடி போதும். பதினஞ்சாம் தேதியே கேக் வெட்டிடலாம்.”

அக்கா யோசித்தாள். அவள் முகம் வாடியது.

“எனக்கு லீவே பதினஞ்சுலேர்ந்துதான். மாத்த முடியாது. மத்த நாள் எல்லாம் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவேன். நீங்க இவ்வளவு தூரம் வந்து, சும்மா ரூமுக்குள்ளயே உக்காந்திருப்பீங்களா?”

“நீ வேலை முடிச்சு வரும்போது நாங்க நாலு பேரும் அங்க இருப்போம்ல? சமைச்சு வச்சுட்டு?”

அக்கா போனைக் கவிழ்த்துவிட்டாள் போல, திரை சட்டென்று இருட்டானது.

“அக்கா? லைன் கட் ஆயிடுச்சா?”

“இல்லடி.” அக்கா மூக்கை உறிஞ்சினாள். “லைட் எரியற வீட்டுக்குள்ள போயே ரொம்ப நாளாச்சு. எட்டாம் தேதியே வாங்க. மொதல்ல போய் அம்மாகிட்ட சொல்லு.”

அதுதான் கஷ்டமான வேலை. கணக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

“அம்மா, உனக்கு லீவு கிடைக்கலையா?”

அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அது வந்து... ஆமாம்மா. மேனேஜர் திடீர்னு...”

“பொய் சொல்லாதேம்மா. வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டேன். என்னோட தப்பை எனக்குத் தெரியாமயே ஒளிச்சு வைப்பீங்களா?” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தேதி மாற்றும் யோசனையையும் சொல்லி முடித்தாள்.

அப்பா திகைத்துப்போனார். “பொறந்தநாளை மாத்தறதா? எங்கயாவது கேள்விப்பட்டிருக்கோமா?”

“அன்னைக்குப் பொறந்தவனுக்கு அன்னைக்குத்தானே கொண்டாடணும்?” என்றாள் அம்மா.

“அவன் என்ன காலண்டரா பார்க்கறான்? அவனுக்கு வேண்டியது கேக்கும் நீயும்தான். நீ இல்லன்னா கேக்கைக்கூடத் தூக்கிப் போட்டுட்டு அழுவான்.”

எல்லோரும் உருண்டையைப் பார்த்தார்கள். அவன் தரையில் உட்கார்ந்து அப்பாவின் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“இவனுக்குக் கேக்கு கூடத் தேவையில்ல போலிருக்கே” என்றார் அப்பா.

அன்று முழுவதும் அப்பா அடித்த முதல் ஜோக் அதுதான். அம்மா சிரித்துக்கொண்டே கணக்கை இழுத்து அணைத்தாள். அவள் புடவையில் சோப்பு வாசனை வந்தது.

மறுநாள் காலையிலேயே அம்மா லாண்டரி மேனேஜரிடம் போய் லீவை நான்கு நாள் முன்னால் நகர்த்திக்கொண்டாள். பிறகு நான்கு பேரும் டிக்கெட் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரம்மா புதிய தேதிகளைத் தட்டினார். கணக்கு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“கிடைக்குது. ஆனா ஒரு ஆளுக்கு நானூறு கூட ஆகும்.”

அப்பாவின் முகம் மறுபடியும் சுருங்கியது. மூன்று பெரிய டிக்கெட், ஆயிரத்து இருநூறு. பத்தாயிரம் இல்லைதான். ஆனால் அதுவும் கவரில் இல்லை.

கணக்கு நோட்டைத் திறந்தாள். ‘ஊர் சுற்ற’ என்ற பக்கத்தில் முதல் வரி: படகுச் சவாரி, ஆயிரத்து நானூறு. அவள் கேட்டு எழுதியது. நீலப் பேனாவால் பக்கத்தில் ஒரு படகுகூட வரைந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அதன் மேல் ஒரு கோடு போட்டாள்.

“சரியாயிடுச்சுப்பா. இருநூறு மிச்சம். அதை ‘திடீர்’ல போட்டுடலாம். அங்கயும் பொத்தான் இருக்கும்ல?”

அப்பா அவள் தலையைக் கோதிவிட்டார்.

“நாலு பேர், எட்டாம் தேதி போய்ப் பதினாறாம் தேதி வர்றீங்க” என்றார் கடைக்காரம்மா. “கடைசியா ஒண்ணு. குழந்தையை யாராவது ஒருத்தர் டிக்கெட்டோட சேர்க்கணும். யார் மடியில உக்காருவான்?”

“என்...” என்று அப்பா வாயைத் திறப்பதற்குள், “அம்மா!” என்றாள் கணக்கு.

கடை முழுவதும் கேட்கும்படி கத்திவிட்டாள். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே தட்டினார். மூலையில் இருந்த பிரிண்டர் முனகியபடி தாளை வெளியே தள்ளியது.

கணக்கு அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். அம்மாவின் பெயருக்குக் கீழேயே உருண்டையின் பெயர் இருந்தது. இனிமேல் அம்மாவே நினைத்தாலும் வீட்டில் நின்றுகொள்ள முடியாது.